நாலு ரேமும் மூணாவது பின்னும்

ஒரே கம்ப்யூட்டரில் நாலு ரேமையும் மாட்டினால் ரேமின் வேகம் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். கம்ப்யூட்டர் மெக்கானிக்கான அவனுக்குத் தெரியாத சங்கதியா அது? ஆனால் இறங்கினால் ஓரிடத்தில் நிற்க வேண்டும். இது நிற்கவில்லை. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் திரையில் அந்த வேகத்தைக் காட்டும் எண் இன்னும் குறைந்திருந்தது.

"என்னடா, வேலைக்கு ஆகுமா ஆகாதா?" அடுப்படியிலிருந்து அக்கா கேட்டாள். "நாளைக்கு கல்யாண வீடியோ குடுத்தாகணும். உங்க மாமா இருந்தவரைக்கும் குதிரையா ஓடிச்சு."

"ஆகும்க்கா. கழட்டி மாட்டிப் பாக்குறேன்."

மாமா போனபிறகு எடிட்டிங் வேலையை அக்காதான் பார்க்கிறாள். அதே மேசை, அதே கம்ப்யூட்டர் பெட்டி. மேசைக்கடியில் மாமாவின் செருப்பு, அவர் விட்டது விட்டபடி. அதைப் பார்க்காமல் இருக்கத்தான் அவன் குனியாமலே வேலை செய்தான்.

ரேமுக்காகவா வந்தான்? பையில் புது பவர் கேபிள் இருந்தது. அக்கா கண்ணில் படாமல் அதை மாற்றிவிட வேண்டும், அவ்வளவுதான். பழைய கேபிளின் மூணாவது பின், அந்தத் தடித்த எர்த் பின், சுவர் சாக்கெட்டில் நுழையவில்லை என்று அவன்தான் கட்டிங் பிளேயரால் நறுக்கி எறிந்தான். "மாப்ள, பொட்டியத் தொட்டா சுர்ருங்குதுய்யா" என்று மாமா போன் செய்தபோது சிரித்தான். "செருப்பு போட்டுக்குங்க மாமா, சரியாப் போயிடும்." மாமா இதே மேசையில் செத்துக் கிடந்தபோது மாரடைப்பு என்றார் டாக்டர். அவனும் ஆமாம் என்று தலையாட்டினான். பாவி, தலையாட்டிவிட்டு அக்காவின் கையையும் பிடித்துக்கொண்டு அழுதான்.

மூன்று ரேமைக் கழற்றினான். ஒன்றே ஒன்றை விட்டுவிட்டு ஆன் செய்தான். எண் மறுபடி இறங்கியது. வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. சூடான தூசி வாடைக்கு நடுவே லேசாக முடி பொசுங்கும் வாடை. பெட்டியின் ஃபேன் சீராகச் சுற்றவில்லை. காற்றை இழுத்தது, நின்றது, நெடுநேரம் கழித்துத்தான் வெளியே விட்டது. மாமா தூங்கும்போது மூச்சு அப்படித்தான் வரும்.

போதும்டா சாமி. கேபிளை மாற்று. கிளம்பு.

சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினான். பெட்டியின் பின்னாலிருந்தும் உருவினான். மொட்டைப் பின் உள்ளங்கையில் குத்தியது.

ஃபேன் நிற்கவில்லை.

திரையும் அணையவில்லை. எண் இறங்கியது. இறங்கியது. பூஜ்யம்.

பின்னால் ஈரக்காலடி. அக்கா. வெறுங்கால். பாத்திரம் கழுவிய கையில் தண்ணீர் சொட்டியது.

"தொடாதக்கா!"

"தினமும் தொடுறதுதான்டா." பெட்டியின் மேல் கையை வைத்தாள். கண்ணை மூடினாள். "சுர்ருனு வரும். உங்க மாமா கையப் பிடிச்ச மாதிரியே இருக்கும்."

"அக்கா, நான்தான்... அந்த ஒயர... கையை எடுக்கா!"

எடுக்கவில்லை. விரல்கள் தகரத்தில் இறுகின. தோள் மெல்ல உதறியது. அவன் கையில் கேபிள் செத்துக் கிடந்தது.

அவள் வலதுகால் மட்டும் நகர்ந்தது. மேசைக்கடியிலிருந்து செருப்பை ஒவ்வொன்றாக அவன் பக்கம் தள்ளியது.

அக்கா அவனை ஒருநாளும் மாப்ள என்று கூப்பிட்டதில்லை.

"போட்டுக்குங்க மாப்ள," என்றாள், மூச்சை இழுத்து, நிறுத்தி. "சரியாப் போயிடும்."