இடது பெருவிரல்

நடந்ததை நான் சரியாக நினைவு வைத்திருக்கிறேனா என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. அந்த நாட்களில் நோவுக்கு வலுவான குளிசைகள் தந்திருந்தார்கள். பகலில் கண்டதும் கனவில் கண்டதும் ஒன்றோடொன்று கலந்துவிடும். மழை பெய்தது உண்மை. ஊர்காவற்றுறையில் அந்தக் கல்வீட்டுக்குப் போனதும் உண்மை. என் மனைவி நிருஜாதான் படலையடியில் நின்று அனுப்பிவைத்தாள், அவளிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். இருட்டில் நடந்ததற்கு மட்டும் சாட்சி இல்லை. இருந்த ஒரே சாட்சி என் இடது கை. அது அப்போது என் உடம்பில் இல்லை.

நான் வேலை செய்தது ஐஸ் தொழிற்சாலையில். மீன் பதனிடும் கொட்டகைகளும் எண்ணெய்த் தாங்கிகளும் குளிரூட்டிய லொறிகளும் கடலோரமாக ஒரே வேலிக்குள் நிற்கும் இடம். ஐஸ் கட்டிகளை அரைக்கும் இயந்திரத்தின் வாய்க்கு ஓர் இரும்பு மூடி இருந்தது. மூடி போட்டால் வேலை சுணங்குகிறது என்று முகாமையாளர் அதைக் கழற்றச் சொன்னார். கழற்றிச் சுவரோடு சாத்தி வைத்தோம். ஒருநாள் கட்டியை இழுக்கும் கொக்கி வழுக்கியது. கட்டியோடு என் இடது கையும் உள்ளே போனது.

நசிந்தது முன்கைதான், விரல்கள் முழுசாக இருந்தன; ஆஸ்பத்திரியில் கையைக் காப்பாற்றப் பார்த்தார்கள். முடியாமல், சில நாட்களில் முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வலது கை விரல்களும் முறிந்து கட்டுக்குள் இருந்தன. எடுத்த கையை அடக்கம் செய்யச் சொல்லி என் அண்ணன் சதீசனிடம் ஒப்படைத்தார்கள். சரவணையில் எங்கள் பனங்காணிக்குள் புதைத்துவிட்டதாக அவர் கட்டிலடியில் வந்து சொன்னார்.

"ஆழமா வெட்டித் தாட்டனான். நாய் கிண்டாது. நீ யோசியாத."

இல்லாத கை கொஞ்சக் காலம் இருப்பதுபோலவே இருக்கும், நோகும், கடிக்கும், அது மூளை செய்கிற வேலை என்று வைத்தியர் முன்பே சொல்லியிருந்தார். அதனால் விரல்கள் இருப்பதுபோல் தோன்றியபோது நான் பயப்படவில்லை. ஆனால் அவை குளிர்ந்தன. மண்ணுக்குள் இருக்கும் கை ஏன் இப்படிக் குளிர வேண்டும்? அது எனக்குப் பழகிய குளிர். கையுறை இல்லாமல் ஐஸ் அறைக்குள் நிற்கும்போது எலும்புக்குள் இறங்கும் குளிர்.

அண்ணையிடம் சொன்னேன். சிரித்தார்.

"கை மண்ணுக்க, குளிர் உனக்கோ? லோயரிட்ட இதைச் சொல்லிப்போடாத. விசரன் எண்டு எழுதிப்போடுவார்."

சட்டத்தரணியைத் தேடியதும் அண்ணைதான். மூடியை நானே கழற்றினேன் என்று தொழிற்சாலை சொல்லிக்கொண்டிருந்தது. நட்டஈடு வேண்டும்தான்; நிருஜாவின் தையல் மெசின் ஒன்றில் வீடு ஓடாது. அதைவிட, மூடியைக் கழற்றச் சொன்னது யார் என்று ஒருவர் எழுத வேண்டும், இன்னொருவர் அதைச் சத்தமாக வாசிக்க வேண்டும் என்று இருந்தது எனக்கு. நான் யாழ்ப்பாணத்துக்குப் போய் ஒருவரைப் பிடிக்கிறேன் என்றபோது அண்ணை மறித்தார்.

"டவுன் லோயர்மாருக்கு எங்கட தீவு எங்க இருக்கெண்டும் தெரியாது. ஞானசம்பந்தன் ஐயாவிட்டப் போவம். எங்கட ஆக்களுக்கெண்டு உயிரை விடுற மனுசன்."

பின்னேரம் அவருடைய ஓட்டோவிலேயே போனோம். தரவை வெளி முழுக்க வெள்ளம். வானமும் தண்ணீரும் ஒரே சாம்பல் நிறத்தில் கிடந்தன. பின் இருக்கையில் என் கால்களுக்கு நடுவே ஐஸ் போட்டு மீன் வைக்கும் வெள்ளை றெஜிபோம் பெட்டி ஒன்றை வைத்திருந்தார். மூடியைச் சுற்றி ரேப் ஒட்டியிருந்தது.

"பெட்டிக்க என்னண்ணை?"

"லோயருக்கு விளைமீன். வெறுங்கையோட போகேலாதெல்லோ."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் எங்கள் இருவருக்கும் கேட்டது. அண்ணை வேகத்தைக் கூட்டினார்.

பெட்டி மீன் மணக்கவில்லை. ஆஸ்பத்திரி மணந்தது.

ஒரு பள்ளத்தில் வண்டி விழுந்தெழுந்தது. பெட்டிக்குள் ஏதோ உருண்டு சுவரில் முட்டியது. அதே கணம் என் இடது கை விரல் மொளிகள் எதிலோ இடித்து விண்ணென்று வலித்தன. குனிந்து பார்த்தேன். சட்டைக் கை மடித்து ஊசி குத்தியபடி கிடந்தது.

குளிசை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வீடு பழைய கல்வீடு. சுண்ணாம்பு உரிந்த இடங்களில் கடற்கற்கள் பல்லைப்போலத் தெரிந்தன. உள்ளே ஈரச் சீலை மணமும் வௌவால் மணமும். அண்ணை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து ஒழுங்கையால் நேரே குசினிக்குப் போனார். அந்த வீட்டு வழி அவருக்குத் தெரிந்திருந்தது. அதை நான் அப்போது கவனித்தேன், யோசிக்கவில்லை.

சட்டத்தரணியின் மனைவி மீனலோசனி தேத்தண்ணி கொண்டுவந்தார்.

"தம்பி, கோப்பையைப் பிடிக்க ஏலுமோ? இரும், நான் பிடிக்கிறன். ஆறவிட்டுக் குடியும். எங்கட கிணத்துத் தண்ணி. இந்தப் பக்கத்தில வேற எங்கயும் இப்பிடித் தேத்தண்ணி கிடையாது."

என்னைப் பரிதாபமாகப் பார்க்காத முதல் ஆள் அவர். தேத்தண்ணியில் எங்கள் தீவுத் தண்ணீரின் உவர்ப்பே இல்லை.

ஞானசம்பந்தன் எதிரே கதிரையில் சாய்ந்திருந்தார். நான் மூடியின் கதையைச் சொல்லி முடிக்கும்வரை பேனையைத் தொடவில்லை.

"வேலைக்கு வந்தா எப்பிடிப் பதியிறனீர்?"

"பெருவிரல் வைக்கிற மெசின், ஐயா."

"எந்தக் கை?"

"இடது. வலதில எப்பவும் கொக்கி இருக்கும்."

முன்பே தெரிந்ததைக் கேட்டதுபோலத் தலையாட்டினார்.

"ஆஸ்பத்திரியில கிடக்கேக்க, கை எடுக்க முன்னம், ஏதும் கடதாசியில விரல் வைச்சனீரோ?"

"நினைவில்லை, ஐயா."

"நினைவில்லை எண்டு சொல்லுறீர்."

அப்போதுதான் பேனையை எடுத்தார். அந்த மாலை அவர் எழுதியது அந்த ஒரு வரிதான்.

கரண்ட் நின்றது.

ஓட்டில் மழை நடந்தது. அவர் ரோச்சை அடித்து மேசை லாச்சியைத் திறந்தார். வட்டமான தகர டப்பா ஒன்றை எடுத்தது வெளிச்சத்தில் தெரிந்தது.

"இரும் தம்பி. உம்மட அண்ணையோட ஒரு கதை."

வெளிச்சம் அவரோடு உள்ளே போனது. செருப்புச் சத்தம் குசினிப் பக்கம் தேய்ந்தது. நான் தனியே இருந்தேன். என் மூச்சு எனக்குக் கேட்டது.

எங்கோ ரேப் கிழிபட்டது.

குளிர் குறைந்தது. என் இடது கை வெளிக்காற்றில் இருந்தது.

ஒரு கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது.

இருட்டில் நான் துள்ளி எழுந்தேன். என்னருகில் யாரும் இல்லை. பிடி விடவில்லை. சூடான, வியர்த்த உள்ளங்கை. அதை எனக்குத் தெரியும். சண்டைக்குப் பயந்து ஊரை விட்டு ஓடிய நாளில், நான் குழந்தையாக இருந்தபோது, இதே தரவை வெள்ளத்தில் என்னை இழுத்துக்கொண்டு நடந்தது அந்த உள்ளங்கை. இந்த இடது கையைத்தான் பிடித்திருந்தது. கரை ஏறும்வரை விடவில்லை. வேறு எந்தக் கையையும் நான் மறந்திருக்கலாம்.

பெருவிரலைச் சீலையால் துடைத்தார்கள்.

ஈரமாக, பிசுபிசுப்பாக ஏதோ ஒன்றில் அதை அமுக்கினார்கள்.

பிறகு வழுவழுப்பான ஒன்றின் மேல். இந்தப் பக்கம் உருட்டி, அந்தப் பக்கம் உருட்டி, மெதுவாக.

நான் கத்த நினைத்தேன். என்னவென்று கத்துவது? யாரைக் கூப்பிடுவது? கூப்பிட எனக்கு வழக்கமாக வாயில் வருவது 'அண்ணை' என்பதுதான்.

குசினிக்குள் மீனலோசனியின் குரல் கேட்டது.

"இருட்டுக்க நிண்டு என்ன செய்யிறியள்? தம்பி, மீனைத் தாரும், வெட்டி வைப்பம்."

"வேண்டாமக்கா. பழுதாப் போச்சு."

"ஐஸில வைச்ச மீன் பழுதாப் போறதோ? தாரும், மணந்து பாப்பம்."

"நான் எறிஞ்சுபோட்டு வாறன்."

பின்கதவு அடித்தது. ஓடும் காலடி. கை விழுந்துகொண்டிருந்தது, பிடிக்க ஒன்றுமில்லாமல்.

தொப்பென்ற சத்தம் எனக்கு வெளியேயும் கேட்டது, உள்ளேயும் கேட்டது.

"ஐயோ, கிணத்துக்கயோ எறிஞ்சனீர்?"

"இல்லையக்கா. வேலிக்கு அங்கால."

என் விரல்களைச் சுற்றித் தண்ணீர் இருந்தது. உவர்ப்பில்லாத, அசையாத தண்ணீர்.

கரண்ட் வந்தபோது அண்ணை முன்னால் நின்றார். சட்டை நனைந்திருந்தது. வலது கைச் சுட்டுவிரலில் நீலக் கறை.

"வெளிக்கிடு. ஐயா எல்லாம் பாப்பார்."

திரும்பும் வழியில் காலடியில் பெட்டி வெறுமையாக அலைந்தது. குளிசை, மூளை செய்கிற வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். சரவணை வரும்வரை அதை நம்பவும் முயன்றேன்.

நட்டஈட்டு விசாரணை நாளில் ஞானசம்பந்தன் எனக்குப் பக்கத்தில்தான் இருந்தார். தொழிற்சாலையின் ஆள் ஒரு கடதாசியை நீட்டினார். மூடியை நானே கழற்றினேன் என்றும், எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை என்றும், கை எடுப்பதற்கு முதல் நாள் வார்ட்டில் வைத்து ஒப்புக்கொண்டதாக அதில் இருந்தது. அடியில் நீலமாக ஒரு பெருவிரல் அடையாளம். பக்கத்தில் மெசினில் பதிந்திருந்த என் விரலின் படம். சின்ன வயதில் பனங் கருக்கு மட்டை வெட்டிய தழும்பு இரண்டிலும் குறுக்கே ஓடியது.

விசாரித்தவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது உம்மட விரல்தானே?"

நான் பார்த்தேன். நீண்ட நாள் காணாத ஒருவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன்.

"ஓம். என்ர விரல்தான்."

"பிறகென்ன?"

"நான் வைக்கேல்லை, ஐயா."

"உம்மட விரல், ஆனா நீர் வைக்கேல்லை?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நான் என் சட்டத்தரணியைப் பார்த்தேன். அவர் தான் எழுதிய அந்த ஒற்றை வரியை எடுத்து, தன் கட்சிக்காரருக்கு அந்த நாட்கள் நினைவில்லை என்று மெல்லிய குரலில் வாசித்தார். யாராவது சத்தமாக வாசிக்க வேண்டும் என்று நான் காத்திருந்த வழக்கு அதோடு முடிந்தது.

வெளியே அண்ணை ஓட்டோவில் சாய்ந்து நின்றார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர்தான் முதலில் கண்ணை எடுத்தார்.

"மண்ணுக்க போறதுதானேடா அது. உனக்கினி என்னத்துக்கு? லொறி ஓட்டம் தாறமெண்டவங்கள். எனக்கும் பிள்ளையள் இருக்கு."

"தாட்டனான் எண்டு சொன்னனீங்கள், அண்ணை."

"ஏறு. மழை வரப்போகுது."

நான் ஏறவில்லை. பஸ்ஸில் வந்தேன்.

அதன் பிறகு ஒவ்வொரு பொழுதுபடும் நேரமும் தண்ணீருக்குள் ஒரு கயிறு என் விரல்களை உரசிக்கொண்டு மேலே போகும். முதலில் உரச விட்டேன். ஒருநாள் விரல்கள் மடங்கின. நான் மடக்கினேனா, அவையாக மடங்கினவா தெரியாது. மேலே யாரோ இழுத்தார்கள். நான் விறாந்தையில், அசையாமல், பல்லைக் கடித்தபடி இருந்தேன். நிருஜா விளக்கோடு வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

பிறகு அவள் நயினாதீவுக் கோயிலுக்குப் போன நாளில் கடல் கடக்கும் லாஞ்சியில் மீனலோசனியைக் கண்டிருக்கிறாள். அவர் மெலிந்து போயிருந்தாராம்.

"கிணத்தில தண்ணி அள்ளேலாமக் கிடக்குது, பிள்ளை. வாளி பாதியில நிக்குது. ஆரோ கீழ இருந்து பிடிச்ச மாதிரி. இவரிட்டச் சொன்னா, மூடு எண்டு கத்துறார்."

மூடினார்கள். கப்பியைக் கழற்றிவிட்டு, சீமெந்துப் பலகை போட்டு, விளிம்பைப் பூசி விட்டார்கள். அன்று மாலை கயிறு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அதன் பிறகு கை தண்ணீரில் இருக்கவில்லை. என் பெருவிரல் கரடுமுரடான எதிலோ அமுங்கியது. விலகியது. மறுபடி அமுங்கியது.

எல்லோருக்கும் என்ன ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐஸ் தொழிற்சாலை வேறு பெயரில் இயங்குகிறது. அரைக்கும் இயந்திரத்துக்கு இப்போது மூடி இருப்பதாகச் சொல்கிறார்கள். ஞானசம்பந்தன் கொழும்பில் மகளோடு இருக்கிறார். மீனலோசனி அவரோடு போகவில்லை. நல்லூரில் தங்கைவீட்டில் இருக்கிறார். அண்ணை தொழிற்சாலைக்கு லொறி ஓட்டுகிறார். அவருடைய வலது உள்ளங்கை எந்த வெயிலிலும் சூடேறுவதில்லையாம். கையுறை போட்டுத்தான் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறார். நானும் அவரும் கதைப்பதில்லை. நிருஜா இரவு பகலாகத் தைக்கிறாள். நான் அவளுக்கு நூல் கோர்க்கப் பழகிவிட்டேன்.

கல்வீடு விற்பனைக்கு இருக்கிறது. பார்க்க வந்தவர்கள் நல்ல தண்ணீர் என்று கேள்விப்பட்டுக் கிணற்றுப் பலகையை நெம்பிப் புரட்டியிருக்கிறார்கள். அவர்கள் எடுத்த படம் கைபேசி கைபேசியாக மாறி நிருஜாவிடமும் வந்தது. பலகையின் அடிப்பக்கம் முழுவதும் நீலப் பெருவிரல் அடையாளங்கள். பெரிதாக்கிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் குறுக்கே அந்தத் தழும்பு.

நடுவில் ஒன்று மட்டும் முழுக் கை. விரல்களை விரித்து, பிடித்துக்கொள்ளக் கொடுப்பதுபோல நீட்டியபடி.

பலகையைத் திரும்பப் போட்டு மூடிவிட்டார்கள்.