சாம்பாரில் மூழ்கிய கப்பல்

பெங்களூரில் கடல் கிடையாது. இருந்தாலும் ஆஸ்டின் டவுனில் ஒரு கப்பல் இரண்டு முறை மூழ்கியது. முதல் முறை சாம்பார் குண்டானில். இரண்டாவது முறை துணி அலசும் வாளியில்.

ஒரு முழம்கூட இல்லாத மரக்கப்பல் அது. சங்கமித்ராவின் அப்பா இளங்கோவன் செதுக்கியது. எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்பெனி கார் ஓட்டினார். ஆட்களை இறக்கிவிட்டுக் காத்திருக்கும் நேரமெல்லாம் கையில் சின்னக் கத்தி இருக்கும். காரில் எல்லோரும் பெல்ட் போட்டால்தான் வண்டியை எடுப்பார். ஒரு மேனேஜர் மாட்டேன் என்றதால் கார் கேட்டிலேயே நின்று, அதன் கூரையில் புறா கூடு கட்டிவிட்டதாம். முட்டை பொரிந்த பிறகுதான் மேனேஜர் பெல்ட் போட்டாராம். அப்பாவே சொன்னது. ஆகவே உண்மையாகத்தான் இருக்கும்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் அவர் காரிலேயே தூங்கினார். எழுந்திருக்கவில்லை.

கம்பெனியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவர் வந்தது. உள்ளே செருப்பு, நீல நாடாவில் கோத்த அடையாள அட்டை, கப்பல். கப்பலுக்குப் பீடம் இல்லை. அடுத்த வாரம் செய்வதாகச் சொல்லியிருந்தார்.

வயிறு உருண்ட கப்பல் எப்படி நிற்கும்? அம்மா ஷோபா ஒரு துண்டை மடித்து, ஃபிரிட்ஜ் மேல் அதைச் சாய்த்து வைத்தாள். காலை ஏழு மணிக்குத் தண்ணீர் லாரி வந்தது. வாசலுக்கு எதிரே உள்ள வேகத்தடையில் அது ஏறி இறங்கினால் தட்டு, டம்ளர், தம்பி நரேஷின் முன்பல் எல்லாம் ஆடும். சுவரில் இருக்கும் பல்லி அடுத்த வீட்டுக்குக் குடிபோய்விடும். கப்பல், ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் இருந்த சாம்பாரில் விழுந்தது.

சங்கமித்ரா அதைக் கழுவி, பசை தடவிப் பலகையில் ஒட்டினாள். மறுநாள் லாரி வந்தது. இந்த முறை வாளி. கொடிமரம் முறிந்தது.

அம்மா அதை முந்தானையால் துடைத்தாள். "இன்னொரு தடவ இது விழறத என்னால பாக்க முடியாது. விழுந்தா பரண்ல போட்டுடுவேன்."

அப்பாவின் சட்டைகள் ஏற்கெனவே பரணுக்குப் போயிருந்தன. அவை போன நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் 'அப்பா' என்று சொல்வதில்லை. நரேஷ்கூட. அவனுக்கு ஐந்து வயது.

கப்பலும் போய்விட்டால்?

சங்கமித்ரா கப்பலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பலகை தட்டை, வயிறு உருண்டை. ஒரு கோடுதான் ஒட்டுகிறது. பசை பாவம், என்ன செய்யும்?

சப்பாத்தி மாவில் இரண்டு உருண்டை எடுத்தாள். ஒன்றில் கப்பலின் முன்பக்கத்தையும், மற்றதில் பின்பக்கத்தையும் அழுத்தினாள். பதிந்த வளைவுகளை அட்டையில் வரைந்து வெட்டினாள். முன்பக்க மாவை நரேஷ் பச்சையாகவே தின்றுவிட்டான்.

தெருமுனையில் அமல் அண்ணா சவப்பெட்டி செய்கிறார். அவருடைய பெட்டிக்குள் படுத்தவர்கள் யாரும் இதுவரை குறை சொன்னதில்லை. மிச்சமிருந்த பலகையில், அட்டையில் இருந்த வளைவுப்படியே இரண்டு தாங்கிகள் அறுத்துக் கொடுத்தார். அவற்றை ஒரு தட்டைப் பலகைமேல் நிறுத்தி, அடியிலிருந்து திருகாணி போட்டு முடுக்கினார். பீடம் தயார். உள்ளங்கையில் முட்டை உட்காருவதுபோலக் கப்பல் உட்கார்ந்தது. சங்கமித்ரா பீடத்தை உலுக்கினாள். கப்பல் எம்பியது.

அமல் அண்ணா நீள ஆணி ஒன்றை எடுத்தார். "மேலருந்து ஒரே அடி, பாப்பா. அசையாது."

"வேணாண்ணா. அப்புறம் இதுவும் உங்க பெட்டி மாதிரி ஆயிடும்."

அவர் ஆணியை டப்பாவில் போட்டுவிட்டார்.

அன்று மாலை, நரேஷின் அறுந்த ரப்பர் செருப்பை நறுக்கிப் பீடத்தின் நான்கு மூலையிலும் ஒட்டினாள். இனி பீடம் வழுக்காது. கப்பல் எம்பாமல் இருக்கத்தான் இன்னும் ஒன்று வேண்டும். அது அம்மாவின் தலையணைக்கு அடியில் இருந்தது. கேட்காமல் எடுக்க மனம் வரவில்லை.

"அம்மா, அப்பா டேக் வேணும்."

அம்மாவின் கை சப்பாத்திக் கட்டையிலேயே நின்றது. "எதுக்கு?"

"கப்பலுக்கு பெல்ட்."

கல்லில் இருந்த சப்பாத்தி கருகியது. அம்மா அடுப்பை அணைத்தாள். தலையணைக்கு அடியிலிருந்து எடுத்து, அட்டையைத் தான் வைத்துக்கொண்டு நாடாவை மட்டும் கொடுத்தாள். பீடத்துக்கு அடியில் நுழைத்து, கப்பலின் மேல்தளத்துக்கு மேலே கொண்டுவந்து கொக்கியை மாட்டினாள் சங்கமித்ரா. க்ளிக்.

மறுநாள் ஏழு மணி. மூவரும் ஃபிரிட்ஜ் முன்னால் நின்றார்கள். லாரி வந்தது. தட்டு ஆடியது. டம்ளர் உருண்டது. பல்லி குடிபோனது. நரேஷின் முன்பல் விழுந்தேவிட்டது.

கப்பல் நின்றது.

நரேஷ் பல்லைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தான். "அப்பா பெல்ட் போட்டாச்சா?"

"போட்டாச்சு," என்றாள் அம்மா. "போடலன்னா உங்கப்பா வண்டிய எடுக்கவே மாட்டாரு."

பிறகு சாம்பார் குண்டானைக் கொண்டுவந்து ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் பழைய இடத்திலேயே வைத்தாள். மூடி போடவில்லை.