பிடிச்சிருக்கேன் அக்கா

மாமா கதவைத் திறந்தபோது மழை தூற ஆரம்பித்திருந்தது. வீட்டில் பாதிச் சாமான்கள் அட்டைப்பெட்டிகளுக்குள் போயிருந்தன, மீதி தரையெங்கும் இறைந்து கிடந்தன. உட்காரக்கூட இடமில்லை. நான் தூக்கி வந்த பேட்டரியையும் பிரேக் ஆயில் பாட்டிலையும் வாசலிலேயே வைத்தேன்.

"என்னடா இது?"

"அக்காவோட காரை எடுத்துட்டுப் போகப் போறேன் மாமா."

"பிரேக்கே இல்லாத வண்டியை எங்க எடுத்துட்டுப் போவே? காலை வச்சா தரை வரைக்கும் போகுது. நாளைக்குக் காலையில பழைய இரும்புக்காரர் லாரியோட வர்றார். பேசியாச்சு. டீ குடிச்சிட்டுக் கிளம்பு."

"பிரேக்கை நான் சரி பண்றேன்."

மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். அவர் பார்த்ததில் தப்பில்லை. நான் செருப்புக்கடையில் வேலை செய்கிறவன். எங்கள் குடும்பத்தில் ஸ்பேனர் பிடித்தவள் மாமா கட்டிய என் அக்கா ஒருத்திதான். அவள் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. நாளைக்கு அந்த வண்டியும் போய்விட்டால், அவள் கைபட்டது என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஒன்றும் மிஞ்சாது. அதற்காகத்தான் கடைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

"அந்த வேலைக்கு ரெண்டு பேர் வேணும்டா. ஒருத்தர் மிதிக்கணும், ஒருத்தர் கீழே படுக்கணும்."

"நீங்க வாங்களேன்."

"நான் வண்டி நிக்கிற அந்த ஷெட்டுக்குள்ள போறதில்ல."

ஏன் என்று கேட்டேன். சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அவர் விரல்கள் சில்லென்று இருந்தன. பிறகு யாருக்கோ கேட்டுவிடப் போகிறது என்பதுபோலக் குரலைத் தாழ்த்தினார்.

"சாயங்காலம் ஆனா உள்ளே சத்தம் வருது. இரும்பு தட்டுற சத்தம். முதல்ல எலின்னுதான் நெனச்சேன். எலி ஸ்பேனரை எடுத்துக் கீழே வைக்குமா, நீயே சொல்லு. நான் எதுக்கு வீட்டைக் காலி பண்றேன்னு நெனைக்கிறே?"

தூக்கம் கெட்ட மனுஷன், பாவம் என்று நினைத்துக்கொண்டேன். பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வீட்டின் பின்பக்கம் நடந்தேன்.

ஷெட் கதவை இழுத்ததும் வாசனைதான் முதலில் வந்தது. கிரீஸ், பழைய ரப்பர், ஈரச் சாக்கு. எல்லாவற்றுக்கும் மேலே சோப்புத்தூளும் சர்க்கரையும் கலந்த ஒரு வாசனை. கிரீஸ் போக அக்கா அப்படித்தான் கை கழுவுவாள். ஒரு பிடி சோப்புத்தூள், ஒரு பிடி சர்க்கரை. "வீட்டுச் சர்க்கரையெல்லாம் உன் கைக்கே சரியாப் போகுது" என்று அம்மா புலம்பாத நாளே கிடையாது. அந்த வாசனை இத்தனை மாதம் கழித்தும் எப்படி இருக்கும் என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. நின்று ஒரு தரம் ஆழமாக இழுத்து மோந்தேன், அவ்வளவுதான்.

வண்டி அப்படியே நின்றது. முன்பாதி ஒரு நீலம், பின்பாதி வேறொரு நீலம். பாதியில் பெயின்ட் தீர்ந்து, கடைக்காரர் அதே கலர்தான் என்று அடித்துச் சொன்னதை நம்பி வாங்கியது. வெயிலில் கொண்டுவந்து பார்த்தால் இரண்டும் மாமியார் மருமகள் மாதிரி ஒட்டவேயில்லை. அக்கா இடுப்பில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "தூரத்துல இருந்து பாத்தா ஒண்ணுதான்டா" என்றாள். எவ்வளவு தூரம் என்று கேட்டதற்கு அடுத்த ஊர் என்றாள்.

எங்கள் முதல் வண்டி அது. தையல் மெஷின் ரிப்பேர் பார்க்கும் வேலையில் அவள் சேர்ந்த புதிதில், ஒரு பல் டாக்டர் வீட்டின் பின்னால் புல் முளைத்துக் கிடந்ததை வாங்கி இழுத்துக்கொண்டு வந்தாள். பின் சீட்டில் பூனை குட்டி போட்டிருந்தது. குட்டிகள் கண் திறந்து தாமாக இறங்கிப் போகும்வரை அந்தச் சீட்டில் கை வைக்க மாட்டேன் என்றுவிட்டாள். "குடியிருக்கிறவங்களைத் திடீர்னு காலி பண்ணச் சொல்ல முடியுமா?" அப்பா தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அதற்கப்புறம் ஒவ்வொரு சாயங்காலமும் அவள் வண்டிக்கு அடியில், நான் சீட்டில். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் கால்கள்தான். வண்டியின் பக்கவாட்டுக் கண்ணாடியில் பார்த்தால் பின் சக்கரத்தின் ஓரமாக நீட்டிக்கொண்டிருக்கும். சுண்டுவிரல் அடுத்த விரல்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். குதிகால் வெடிப்பில் கறுப்பாகக் கிரீஸ் கோடு. கடையில் இன்றைக்கும் எனக்கு ஆட்களின் முகம் மறந்துபோகும், கால் மறக்காது. அந்தப் பழக்கம் அங்கே வந்ததுதான்.

முதல் நாள் வெளியே எடுத்தபோது வளைவில் திரும்பினாலே ஹாரன் தானாக அடித்தது. கூரை ஒழுகியதால் அப்பா முன் சீட்டில் குடை பிடித்துக்கொண்டு வந்தார். என் பக்கத்துக் கதவைக் கயிறு கட்டி நான் இழுத்துப் பிடித்திருந்தேன். மேட்டுச்சாலையில் ரேடியேட்டர் கொதித்து, குடிக்க வைத்திருந்த தண்ணீர் முழுவதும் அதற்குள் போனது. "அதுக்குத் தாகம் தீர்ந்துச்சா? இனி நான் என்ன பண்ணட்டும்?" என்றாள் அம்மா. பின்னால் வழி கிடைக்காமல் நின்ற பஸ்ஸிலிருந்து கண்டக்டர் ஒருவர் இறங்கி வந்து வண்டியைத் தள்ளினார். வண்டி நகர்ந்தது. அவர் அங்கேயே நின்று அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் மாமா.

பிரேக் மட்டும் கடைசிவரை தகராறு. ஆயில் ஓடும் குழாயில் காற்று ஏறிவிட்டால் பிரேக் மிதி பஞ்சுபோல ஆகிவிடும். அதை வெளியேற்ற எங்களுக்குள் ஒரு முறை உண்டு. நான் மூன்று தரம் மிதித்து, அப்படியே அழுத்தி வைத்துக்கொண்டு, "பிடிச்சிருக்கேன்" என்பேன். அவள் சக்கரத்துக்குப் பின்னால் நிப்பிள் என்ற சின்னத் திருகைத் தளர்த்துவாள். காற்றும் ஆயிலும் வெளியேற, மிதி என் காலுக்குக் கீழே மெல்லத் தரைக்கு இறங்கும். அவள் திருகை இறுக்கிவிட்டு, "விடு" என்பாள். அதற்கு முன்னால் காலை எடுக்கவே கூடாது. எடுத்தால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே ஏறிக்கொள்ளும். ஒரு தரம் குளவி வந்ததென்று நான் காலைத் தூக்கிவிட்டேன். ஸ்பேனரோடு தெருமுனை வரை துரத்தினாள்.

மழை வலுத்தது. பேட்டரியை மாட்டினேன். ஆயிலை ஊற்றினேன். கீழே படுத்து நிப்பிளில் ஸ்பேனரைப் போட்டால், துருவேறி வண்டியோடு வண்டியாக ஒட்டியிருந்தது. முழுப் பலத்தோடு இழுத்தேன். ஸ்பேனர் வழுக்கி, விரல் முட்டியில் தோல் பிய்ந்துகொண்டு போனது.

ஸ்பேனரை அங்கேயே போட்டுவிட்டு எழுந்து வந்து சீட்டில் உட்கார்ந்தேன். நாளைக்கு லாரி வரும். இழுத்துக்கொண்டு போவார்கள், நசுக்குவார்கள். என்னால் ஆனது இவ்வளவுதான். அழுகை வந்தது. அழுதுகொண்டே, எதற்கென்று தெரியாமல், மிதியை மூன்று தரம் மிதித்து அழுத்தி வைத்தேன்.

"பிடிச்சிருக்கேன்க்கா," என்றேன்.

கீழே இரும்பு உரசியது.

தரையிலிருந்து ஸ்பேனரை யாரோ எடுக்கும் சத்தம்.

மிதி என் காலுக்குக் கீழே மெல்ல, மெல்ல இறங்கியது. காற்று கொப்புளிக்கும் சத்தம் கேட்டது. பிறகு திருகு இறுகும் சின்னக் கிறீச்.

"விடு."

காதருகே அல்ல. கீழேயிருந்து, பின் சக்கரத்தின் பக்கமிருந்து. எனக்கு உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் கால் அதுபாட்டுக்கு விட்டது, மறுபடி மூன்று தரம் மிதித்தது. அத்தனை வருஷப் பழக்கம்.

கண்ணாடியைப் பார்க்கக்கூடாது என்று நினைத்தேன். பார்த்தேன்.

கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

சுண்டுவிரல் அடுத்த விரல்மேல் ஏறியிருந்தது. ஆனால் குச்சியாக மெலிந்த கால்கள். கணுக்காலில் ஆஸ்பத்திரியின் வெள்ளைப் பிளாஸ்திரி. கையில் நரம்பு கிடைக்காமல் போய், கடைசியில் அங்கேதான் ஊசி ஏற்றினார்கள்.

"எப்படி இருக்கு?" என்றாள் அக்கா. "இறுகிடுச்சா?"

மிதி கல் மாதிரி இருந்தது. வேலை முடிந்துவிட்டது. முடிந்தது என்று சொன்னால் அவள் எழுந்து போய்விடுவாள்.

"இன்னும் பஞ்சாத்தான் இருக்குக்கா."

"சரி. மிதி."

மிதித்தேன். இறங்கியது. விடு என்றாள். விட்டேன். இறுகிடுச்சா என்று கேட்கும்போதெல்லாம் இல்லை என்றேன். எத்தனை தரம் என்று தெரியாது. எனக்குப் பயம் போய்விட்டது. அப்படியே விடிய விடிய மிதித்துக்கொண்டிருப்பேன் என்று நினைத்தேன். இருட்டு ஜன்னல் வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. சர்க்கரை வாசனை மெல்லக் குறைந்து, அந்த இடத்தில் ஆஸ்பத்திரி வார்டின் மருந்து நெடி ஏறியது. அவள் குரல் ஒவ்வொரு தரமும் தேய்ந்தது. கண்ணாடியில் அந்தக் கால்கள் நடுங்கின.

திடீரென்று மிதி தொபுக்கென்று தரைக்குப் போனது.

பாத்திரத்தில் ஆயில் தீர்ந்துவிட்டது. இடையிடையே ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அது என் வேலை. மறந்துபோனேன். வெளியே எடுத்த காற்று முழுவதும் இப்போது உள்ளே போயிருக்கும்.

கீழே ஸ்பேனரைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"பொய் சொன்னியாடா?"

அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"காத்து ஏறிடுச்சு. மறுபடி முதல்ல இருந்து பண்ணணும்," என்றாள். மூச்சு வாங்கினாள். "எனக்கு முடியலடா."

வார்டில் கடைசியாக என்னிடம் சொன்னதும் அதே வார்த்தைதான். இன்னும் ஒரே ஒரு ஊசி அக்கா, சரியாயிடும் என்று கெஞ்சிக்கொண்டிருந்தோம் நானும் மாமாவும்.

இறங்கிப் போய், பாட்டிலில் மீதமிருந்த ஆயிலை ஊற்றினேன். சக்கரத்தின் பக்கம் திரும்பவில்லை. திரும்ப வந்து உட்கார்ந்தேன். மிதி மறுபடி கல்லாகும்வரை மிதித்தேன், பிடித்தேன், அவள் சொல்லச் சொல்ல விட்டேன். இந்தத் தரம் பொய் சொல்லவில்லை.

"இறுகிடுச்சுக்கா."

"நிஜமாவா?"

"நிஜமா."

"இன்னொரு தரம் பிடி. பாத்துக்கறேன்."

அழுத்திப் பிடித்தேன். மிதி அசையவில்லை. ஆயிலும் சொட்டவில்லை. அவள் விடு என்பாள் என்று காத்திருந்தேன். கண்ணாடியில் சக்கரம் மட்டும்தான் இருந்தது.

அவள் சொல்லவில்லை.

தொடை மரத்துப்போனது. நான் காலை எடுக்கவில்லை. நன்றாக இருட்டிய பிறகு கதவருகே டார்ச் வெளிச்சம் ஆடியது.

"டேய். இறங்கு," என்றார் மாமா, வெளியே நின்றபடி.

"அக்கா இன்னும் சொல்லல மாமா."

பிறகு அந்த மனுஷன், அவ்வளவு பயந்திருந்தவர், உள்ளே வந்தார். குனிந்து பின் சக்கரத்தடியில் டார்ச்சை அடித்தார். அங்கே என்ன பார்த்தார் என்று அன்றும் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. என் ஜன்னலருகே வந்து, என் தோளில் கையை வைத்தார். அவர் முகமெல்லாம் ஈரமாக இருந்தது.

"நான் சொல்றேன்டா. விடு."

விட்டேன். மாமா மறுபக்கமாக ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார், இருவரும் சீட்டில் சாய்ந்து வாய்விட்டு அழுதோம்.

மறுநாள் லாரி வெறுமனே திரும்பிப் போனது. மாமா இப்போது என் தெருவிலேயே ஒரு வீட்டில் குடியிருக்கிறார். வண்டி என் வாசலில் நிற்கிறது. ஒரு சின்னக் கோளாறுதான். பிரேக் பிடித்து நின்றால், காலை எடுத்த பிறகும் அந்தப் பின் சக்கரம் விடுவதில்லை. பக்கத்தில் இருக்கும் மாமா மெதுவாக, "விடு" என்பார். வண்டி நகரும். நாங்கள் இதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை. மெக்கானிக் கழற்றிப் பார்த்துவிட்டு ஒரு பழுதும் இல்லை என்றார். "ஆனா ஆயிலை எப்படி மாத்தினீங்க? இந்த நிப்பிளைப் பல வருஷமா யாரும் தொடலையே. துரு அப்படியே இருக்கு."

போன வாரம் மாமாவுக்குக் காய்ச்சல். மருந்து வாங்க நான் மட்டும் வண்டியை எடுத்தேன். நல்ல பகல். சிக்னலில் நின்றேன். பச்சை விழுந்தது, காலை எடுத்தேன். வண்டி நகரவில்லை. பின்னால் ஒரு ஹாரன், பிறகு பத்து ஹாரன்.

"விடு," என்று நானே சொல்லிப் பார்த்தேன்.

சக்கரம் விடவில்லை. மூடிய வண்டிக்குள் சோப்புத்தூளும் சர்க்கரையும் கலந்த வாசனை வந்தது. நான் கண்ணாடியைப் பார்க்கவில்லை.

"இன்னும் கொஞ்ச நேரம் பிடிடா," என்றாள் அக்கா. குரலில் களைப்பு துளியும் இல்லை.

எடுத்த காலை மறுபடி மிதியில் வைத்தேன்.

"பிடிச்சிருக்கேன்க்கா," என்றேன்.