வட்டத்துக்குள் ஒரு பெருக்கல் குறி

கிட்டே வாங்க, கண்ணுகளா. கதவைச் சாத்திவிட்டு உட்காருங்கள். ஒரு கொலைக் கதை சொல்கிறேன்... பயந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளலாம்!

ஆல்பினாவின் வீட்டுப் பழைய கிணற்றில் எலும்புக்கூடு கிடைத்தது.

ஆண்.

மண்டையில் பிளவு!

நெப்ராஸ்காவின் அந்தச் சின்ன ஊருக்கு அது போதாதா? மறுநாளே போலீஸ்காரன் டேரல் ஆல்பினாவின் சமையலறையில் உட்கார்ந்து, ஆப்ரிகாட் பழ ஜாம் வைத்த கோலாச் ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"அது உங்கப்பா ஆன்டன்தான், ஆல்பினாம்மா. ரெண்டு மணிக்கு ஷெரிஃப் போஹுமிலைக் கைது பண்றார்."

"போஹுமில் மாமாவையா? அவருக்கு நூத்தி மூணு வயசுடா!"

"அதான் அவசரம்."

"கிண்டலா?"

"கிணத்துக்கு மூடி போட்டவர் அவர். பக்கத்து வீட்டுக்காரர், உங்கப்பாவோட வேலித் தகராறு வேற. கேட்டா வாயே திறக்கல."

எண்பத்தெட்டு வயது ஆல்பினா ரொட்டித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். வியாழன்தோறும் முதியோர் இல்லத்தில் அவளோடு சீட்டாடுகிறவர் அவர். சிறையில் ஒரு வாரம் தாங்குவாரா?

"எங்கப்பா கிணத்துல இல்ல. நாப்பதாம் வருஷம் பிப்ரவரியில கலிஃபோர்னியாவுக்கு ஓடிட்டார். அம்மா சொன்னா."

"ஆதாரம்?"

ஆல்பினா கணினியைத் திறந்தாள்.

"அதே வருஷம் ஏப்ரல்ல சென்சஸ் எடுத்தாங்க. எல்லாம் இன்டர்நெட்ல இருக்கு. அப்பா பேர் அங்க இருந்தா, இந்த எலும்பு வேற எவனோ."

தேடினாள்.

கலிஃபோர்னியாவில் நான்கு ஆன்டன் கோவாரிக்குகள்... ஒருவன் கைக்குழந்தை. ஒருவர் கிழவர். மற்ற இருவரும் வேறு நாட்டில் பிறந்தவர்கள்; அப்பா பிறந்ததோ நெப்ராஸ்காவில்.

மணி பன்னிரண்டரை!

"உங்க வீட்டைப் பார்த்தீங்களா?" டேரல் கேட்டான்.

"அப்பா போனப்புறம் எடுத்த கணக்கு. அதுல என்ன இருக்கும்?"

"பாருங்களேன். இன்னொரு ரொட்டி எடுத்துக்கறேன்."

ஊரின் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். கணக்கெடுத்தவரின் கோழிக்கிறுக்கல். ஏப்ரல் 17.

'ரோசலி கோவாரிக். குடும்பத் தலைவி. வயது 27.'

'ஆல்பினா. மகள். 5.'

அம்மாவின் பெயருக்குப் பக்கத்தில், வட்டத்துக்குள் ஒரு பெருக்கல் குறி.

"இது என்ன?"

"வாசல்ல நின்னு பதில் சொன்ன ஆளுக்குப் போடற அடையாளம். அம்மாவே சொல்லியிருக்கா." விரல் அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தது...

நின்றது.

திருமண நிலை... விதவை!

"அட! ஓடிப்போனவன் பொண்டாட்டிங்க வெக்கப்பட்டு இப்படிச் சொல்றது வழக்கம்தானே?" என்றான் டேரல்.

"ஊர்கிட்ட 'ஓடிட்டான்'னு வெக்கமில்லாம சொன்னவடா அவ! சர்க்கார் காகிதத்துல பொய் சொன்னா ஜெயில்னு நம்பினவ. என் வயசைக்கூட ஒரு நாள் கூட்டிச் சொல்லமாட்டா."

முதியோர் இல்லத்துக்கு போன் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தினாள்.

"மாமா... அம்மா தன்னை விதவைன்னு எழுதவெச்சிருக்கா. பார்த்துட்டேன்."



"பார்த்துட்டியா, ஆல்பி?"

"நீங்க ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? நீதான் சீட்டுக் கலைச்சுப் போடறவ. வாரத்துக்கு ஒரு நாள்தான் எனக்கு ஆள் வருது. சொன்னா அதுவும் நின்னுடுமே."

"மாமா!"

"குடிச்சிட்டு உன் மேல கோடாலியை ஓங்கினான், பொண்ணே. அவ பிடுங்கிட்டா. அப்புறம் என்னைக் கூப்பிட்டா. கிணத்துக்கு மூடி போட்டேன். அவ்வளவுதான்."

ஆல்பினா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அம்மா இறந்து ஐம்பத்திரண்டு வருடம்.

டேரல் வெளியே போய் ஷெரிஃபிடம் பேசிவிட்டு வந்தான்.

"கைது இல்ல. குழந்தையைக் காப்பாத்தப் போய் நடந்ததுன்னு எழுதிக்கறாராம். ஆனா ஒண்ணு... எண்பத்து மூணு வருஷமா உங்கம்மா போலீஸை ஏமாத்திட்டாங்களே!"

"ஏமாத்தினாளா? ரெண்டே மாசத்துல சர்க்காருக்கு ஒப்புக்கிட்டா! அந்தக் கணக்கை எழுபத்திரண்டு வருஷம் ரகசியம்னு நீங்க பூட்டி வெச்சீங்க. பதினோரு வருஷம் இன்டர்நெட்ல தொங்கவிட்டீங்க. படிக்காதது அவ தப்பாடா?"

அவ்வளவுதான் கதை, கண்ணுகளா. உங்கள் வீடு நிறைந்திருக்கட்டும். கணக்கெடுக்க யார் வந்தாலும், எல்லோரும் வாசலுக்கு வந்து நின்று தலையைக் காட்டட்டும்...

கிணற்றை எட்டிப்பார்த்து எண்ணும்படி ஆகாமல் இருக்கட்டும்!