பச்சைக் கோட்டின் பை

அக்கா கொண்டுவந்த பச்சைக் கோட்டு வெதுவெதுப்பாக இருந்தது. வெளியே சரியான மழை. அக்கா தொப்பலாக நனைந்து வந்திருந்தாள். பிளாஸ்டிக் பையிலிருந்து தண்ணீர் சொட்டியது. உள்ளேயிருந்த கோட்டின் அக்குளில் மட்டும், யாரோ இப்போதுதான் கழற்றிக் கொடுத்த மாதிரி ஒரு சூடு.

"நேத்துதான் பழைய துணிக் கடையில எடுத்தேன். பஸ்ல கூட்டம்டி. நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சுட்டு வந்தேன்," என்றாள் அக்கா. சின்னவள் நம்பினாள். அக்கா சொன்னால் அவளுக்குப் பகலும் ராத்திரிதான்.

சின்னவளுக்குப் பழைய துணி என்றால் உயிர். ஊரார் துணியை அளவுக்குப் பிடித்தும் பிரித்தும் தைத்துக் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. ஆனால் புதுத்துணியை அவள் சட்டையே செய்வதில்லை. யாரோ ஒருத்தி துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆக்கி வைத்ததை இன்னொருத்தி நோகாமல் போட்டுக்கொள்கிற சுகம் லேசுப்பட்டதா? இந்தக் கோட்டுக்கு வைத்திருக்கிற லைனிங்கை இப்போது எவன் வைக்கிறான்? தொல்லையும் உண்டுதான். எத்தனை அலசினாலும் காலரில் அடுத்தவள் கழுத்து வாசம் ஒளிந்துகொண்டிருக்கும். மழை நாளில் மெல்ல எழுந்து வரும். அதனால் ஊறவைத்துத் துவைக்காமல் எதையும் மேலே போடமாட்டாள்.

"நானே துவைச்சுட்டேன். போட்டுப் பாரேன் கண்ணு, எனக்காக."

போட்டாள். தோள் அப்படியே உட்கார்ந்தது. இடுப்பும் கையும் அளவெடுத்துத் தைத்த மாதிரி. பூரித்துப்போய்ப் பொத்தானை எல்லாம் மாட்டிக்கொண்டு, பழைய துணி வாங்குகிறவர்கள் எல்லாரும் செய்வதைச் செய்தாள். பையில் ஏதாவது கிடக்கிறதா என்று கையை விட்டாள்.

பை ஆழமாக இருந்தது. அடி தட்டவில்லை. பையின் வாயோரத்தில் கட்டைவிரலுக்கு ஏதோ நெருடியது. குனிந்து பார்த்தாள். கறுப்பு நூல் துணுக்குகள். யாரோ பையை நெருக்கமாக மூடித் தைத்து, பிறகு பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு நுனியிலும் முடிச்சு மேல் முடிச்சு. அப்படிப் போடுகிறவளை அவளுக்குத் தெரியும். "என்னக்கா, மாடா கட்டப்போற?" என்று எத்தனை தடவை கிண்டல் செய்திருக்கிறாள்.

"அக்கா... நேத்துதான் கடையில எடுத்தேன்னு சொன்னியே?"

அக்கா எப்போது நகர்ந்தாளோ, கதவோரம் நின்றிருந்தாள். தையல் மிஷின் மேலிருந்த விளக்கு சிணுங்கியது. காலரிலிருந்து வாசம் எழுந்தது. ஈர மண். பூட்டிக்கிடந்த பெட்டி. யாரோ ஒருத்தியின் வியர்வை.

பைக்குள் ஒரு விரல் அவள் விரலைத் தொட்டது.

பிறகு இன்னொன்று. பிறகு எல்லாம். ஆசையாகக் கோத்துக்கொண்டன.

"ஐயோ அக்கா! யாரோ பிடிக்கிறாங்க! கழட்டுக்கா!"

"அது விடாதுடி. தைச்சு மூடினேன். தூக்கி எறிஞ்சேன், எரிச்சேன். காலையில பார்த்தா என் மேலயே கிடந்துச்சு. நம்ம ரத்தத்துல ஒருத்தி ஆசையாப் போட்டுக்கிட்டா என்னை விட்டுடறேன்னு தினமும் காதுகிட்ட சொல்லுச்சு."

"தெரிஞ்சேவா குடுத்த? எனக்கா?"

பைக்குள் இருந்ததைவிட அதுதான் முதலில் குத்தியது.

"சின்ன வயசுல இருந்து நான் கழிச்சுப் போட்டதைத்தானே போட்டுக்கற," என்றாள் அக்கா. குரலில் கொஞ்சம் அழுகை இருந்தது. கொஞ்சம்தான். கதவைச் சாத்தினாள். வெளியே தாழ்ப்பாள் விழுந்தது. செருப்புச் சத்தம் மழையில் விறுவிறுவென்று போயிற்று.

கழுத்தை அறுத்துவிட்டாள். கூடப் பிறந்தவளே அறுத்துவிட்டாள்.

பொத்தான் அசையவில்லை. சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டு கையை இழுத்தாள். வந்தது. அவள் விரல்களைக் கோத்தபடி இன்னொரு கையும் கூடவே வந்தது. நகம். மணிக்கட்டு. முழங்கை.

பதறிப்போய் இழுப்பதை நிறுத்தினாள்.

அது நிறுத்தவில்லை.