இரண்டு கதவுகளும் ஒரு பாலேந்திரனும்

மழையா, அவனா, எது முதலில் வந்து மோதியதென்று யசோதராவுக்குத் தெரியவில்லை. சுவிஸின் வின்டர்தூர் ரயில் நிலையப் படியில் அவள் கையிலிருந்த தாள்கள் பறந்தன... அவன் ஓடி ஓடிப் பொறுக்கினான். கொடுக்கும்போதே ஒன்றை வாசித்தும் விட்டான்.

"ஒருத்தன் ரெண்டு கதவாலையும் ஒரே நேரத்தில வாறானோ? பேய் நாடகமோ பிள்ளை?"

"பேயில்லை. இலத்திரன்!"

முறைத்தாள். சிரிக்கிற கண்கள் அவனுக்கு... இமையில் ஒரு மழைத்துளி. அந்தக் கோபத்திலும் அதைக் கவனித்துத் தொலைத்தாள்.

அது 1986. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்தவள், இங்கே ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கிறாள். படித்தது வீணில்லை என்று காட்ட அவளிடம் மிஞ்சியிருந்தது, தமிழ்ச் சங்க விழாவுக்காகக் குவாண்டம் பௌதிகத்தை வைத்து எழுதிய இந்த நாடகம் ஒன்றுதான். அணுவிலுள்ள இலத்திரன் யாரும் பாராதபோது இரண்டு வழியாலும் போகும், பார்த்தால் ஒன்றால்தான் என்பது அதன் கதை. சங்கத் தலைவர் சச்சிதானந்தனோ, "சனத்துக்கு விளங்காட்டி வெட்டிப்போடுவன் தங்கச்சி" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

ஒத்திகைக்குப் போனால், இலத்திரனாக நடிக்க நின்றவன்... அவனேதான்! பாலேந்திரன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, உணவகத்தில் கோப்பை கழுவுகிறவன்.

"ரெண்டு கதவாலையும் வருதெண்டு வாயால சொன்னாக் காணாது. காட்டவேணும்," என்றான்.

"எட்டாம் வகுப்போட நிண்ட ஆளுக்கு இது விளங்காது."

சொல் விழுந்துவிட்டது. அவன் கோட்டை மாட்டிக்கொண்டு போனான். ஒரு கிழமையாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மன்னிப்புக் கேட்கவோ வறட்டுக் கௌரவம் விடவில்லை.

அடுத்த ஞாயிறு இரண்டு விளக்குகளோடு வந்தான். இரண்டு கதவு வரைந்து ஓரம் கிழித்துவிட்ட வெள்ளைத் துணிக்குப் பின்னால் அவற்றைத் தள்ளித் தள்ளி வைத்து, விளக்குக்கும் துணிக்கும் நடுவே நடந்தான். ஆள் ஒன்று, நிழல் இரண்டு... இரண்டு கதவிலும் ஒரே நேரத்தில்! பார்ப்பவர் பக்கமிருந்து டோர்ச் அடித்ததும் விளக்குகளை அணைத்துவிட்டு ஒரே கதவால் வெளியே வந்தான்.

அவள் தாளில் வசனத்தை வெட்டி, 'இரண்டு விளக்கு' என்று எழுதினாள்.

விழாவன்று சனம் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தது. "அப்ப நாங்கள் பாக்கிறபடியாலோ அது ஒரு கதவால வருது?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டே விட்டார். யசோதரா திரையோரமாக எட்டிப் பார்த்தாள். என் சனம்... நாள் முழுக்கக் கோப்பை கழுவிவிட்டு வந்து கேட்கிற கேள்வியைப் பார்!

"எல்லாம் தங்கச்சியின்ரை மூளை!" என்றார் சச்சிதானந்தன் மைக்கில். முன்வரிசையில் அவள் அண்ணன் நித்தியானந்தன் நெஞ்சை நிமிர்த்தினான். அவள் மைக்கை வாங்கினாள்.

"எழுதினது நான். கண்ணுக்குக் காட்டினது பாலேந்திரன். அவருக்கு விளங்காதெண்டு சொன்னனான்... விளங்காமல் நிண்டது நான்தான்."

மண்டபம் அதிரக் கைதட்டியது. அண்ணனின் புருவம் ஏறியது. ஏறட்டும்.

திரைக்குப் பின்னால் அவன் வயரைச் சுற்றிக்கொண்டு நின்றான்.

"சனத்துக்கு முன்னால என்ரை பேரைச் சொல்லிப்போட்டீர். உம்மட அண்ணர் என்னெண்டு கேட்டா?"

"விருப்பமெண்டு சொல்லுவன்."

வயர் அவன் கையிலிருந்து நழுவியது.

"அதை... முதல்ல எனக்கெல்லோ சொல்லவேணும்?"

முகம் சிவந்தது. ஆனாலும் தலை குனியவில்லை அவள்.

"எனக்கு உங்களில விருப்பம்," என்றாள்.