பூசணிக்காய்க்கு வந்த சீட்டு

செவ்வாயின் மூன்றாம் குமிழ்நகரில், பிள்ளைக்குப் பதினாறு முடிந்ததும் மொட்டையடித்து நாட்டமானிக்கு அழைத்துப் போவது, பூமியில் காது குத்துவதைப் போல ஒரு வீட்டு விசேஷம். நாட்டமானி என்பது ஒரு தலைக்கவசம். மூளையின் அலைகளைப் படித்து, இன்ன வேலை என்று சீட்டு அச்சடித்துத் தந்துவிடும். அதற்கு மேல் பேச்சில்லை. பிள்ளை பயந்துவிடக் கூடாது என்பதற்காக, பெற்றவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

உலகநாதன் மூத்த மகள் தாமரையின் கையை இறுகப் பிடித்திருந்தார். சீட்டு வந்தது: விண்கல ஓட்டி. அவருக்குத் தலைகால் புரியவில்லை. பூமியில் இருந்த காலத்தில் விண்கல ஓட்டித் தேர்வில் மூன்று முறை தோற்று, இங்கே வந்து காற்றுச் சுத்திகரிப்பு ஆலையில் வடிகட்டி மாற்றியே காலத்தைத் தள்ளிய மனிதர். எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் பாசி அல்வாவை அள்ளிக் கொடுத்தார்.

தாமரைக்கோ மின்தூக்கியில் ஏறவே பயம்; எத்தனை மாடியானாலும் படியேறித்தான் போவாள்.

"என்னால முடியாதுப்பா. இன்னொரு தடவை பாக்கச் சொல்லிக் கேக்கப்போறேன்."

"மிஷின் பொய் சொல்லுமா? போகப் போகப் பழகிடும்மா."

அவள் கேட்டே விட்டாள். நாட்டமானி அதிகாரி சிங்காரவேலு சிரித்தார். "நாப்பது வருஷமா ஓடுது. இதுவரைக்கும் ஒரு அப்பா அம்மாகூட புகார் குடுத்ததில்ல, தெரியுமா?"

அவர் பெருமையாகச் சொன்னதுதான் தாமரையை உறுத்தியது. அப்பா அம்மா சரி, பிள்ளைகள்? கூடப் படித்தவர்களின் வீடுகளில் மூன்று நாட்கள் ஏறி இறங்கி, பெற்றோர் சிறுவயதில் என்னவாக ஆசைப்பட்டார்கள் என்று விசாரித்தாள். நான்காம் நாள் அப்பாவையும், தோட்டக்கூடத்துப் பூசணிக்காய் ஒன்றையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"இதுக்கு மாட்டிப் பாருங்க, சார்."

"இதுக்கு ஏதும்மா மூளை?"

"மூளை இல்லாததுதான் சார் வேணும்."

கவசம் பூசணியின் தலையில் ஏறியது. உலகநாதன் அசட்டுச் சிரிப்புடன் அதன் காம்பைப் பிடித்துக்கொண்டார். இயந்திரம் ஒரு கணம் முனகிவிட்டுச் சீட்டைத் துப்பியது: விண்கல ஓட்டி.

சிங்காரவேலு நாற்காலியில் சாய்ந்துவிட்டார். நாட்டமானி இத்தனை காலமும் படித்தது, கையைப் பிடித்திருந்தவர்களின் ஏக்கத்தை. பிள்ளையின் மூளையைவிட அதில்தான் அலை பலமாக இருந்திருக்கிறது.

உலகநாதனுக்கு வெட்கமாகத்தான் இருந்தது, ஒரு நிமிடம். அதற்குள் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. நாற்பது வருடம் ஒருவர் கண்ணிலும் படாததை என் மகள் கண்டுபிடித்தாள்! கை பிடிக்கும் விதியை நகரம் நீக்கியது. தனியே உட்கார்ந்த தாமரைக்கு வந்த சீட்டு: கருவிச் சோதகர். நாட்டமானிக்கே அவளைப் பொறுப்பாக்கினார்கள். உலகநாதன் மறுபடியும் அல்வா கொடுத்தார்.

அடுத்த வருடம் புகார்ப் பெட்டி நிரம்பி வழிந்தது. எல்லாமே பெற்றோர் எழுதியவை. ஒருநாள் உலகநாதனே இளையவள் குமுதாவின் சீட்டுடன் வந்து மகளின் மேசை முன்னால் உட்கார்ந்தார்.

"மிஷின் கெட்டுப்போச்சும்மா. நம்ம குடும்பமே மிஷின் பாக்கற குடும்பம். சின்னவளுக்குப் போய் விண்கல ஓட்டின்னு அடிச்சிருக்கு. கொஞ்சம் மாத்திக் குடேன்."

தாமரை மேசைக்கடியிலிருந்து ஒரு பூசணிக்காயை எடுத்து வைத்து, அதற்குக் கவசத்தை மாட்டினாள்.

"காம்பைப் பிடிங்கப்பா," என்றாள்.